கால்பந்து மைதான வாயில்களில் பாதுகாப்புச் சோதனை: பையைத் திறப்பவர்கள் வரிசையை மறப்பது ஏன்?

புதுதில்லி: கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் 2025 டிசம்பர் 13 அன்று திரண்டவர்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தனர். அர்ஜென்டினா வீரர் லியோனல் மெஸ்ஸியை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. மெஸ்ஸி தரையில் இருந்த குறைந்த நேரம் முழுவதும் அரசியல் பிரமுகர்களும் ஏற்பாட்டாளர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் அவரைச் சூழ்ந்து நின்றதால், மாடங்களில் அமர்ந்திருந்தோரின் கண்ணுக்கு அவர் சரியாகத் தென்படவே இல்லை. அவர் புறப்பட்டுச் சென்றதும் தண்ணீர் பாட்டில்களும் பெயர்த்தெடுக்கப்பட்ட இருக்கைகளும் தரையை நோக்கிப் பறந்தன. தடுப்புகள் உடைக்கப்பட்டன. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மன்னிப்புக் கோரினார். முக்கிய ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி அஷிம் குமார் ராய் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் மாநில விளையாட்டுத் துறை அமைச்சர் அரூப் பிஸ்வாஸ் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

அந்த நிகழ்வுக்குப் பின் எழுந்த கேள்விகளுள் ஒன்று பார்வைக்குச் சிறியது: வாயிலில் சோதனை நடந்த பிறகும் இத்தனை பாட்டில்கள் உள்ளே எப்படி வந்தன? கால்பந்து மைதானங்களில் பாட்டிலுக்குத் தடை என்பது பழைய வழக்கம். ஆனால் அந்தக் கேள்வியைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மாடத்தில் அமர வந்த சாதாரண ரசிகர் தம் பையைத் திறந்து காட்டிவிட்டே உள்ளே நுழைய வேண்டியிருந்தது. அன்றைய நாளின் மிகப் பெரிய பாதுகாப்புக் குறை, தரைக்குச் செல்ல அனுமதி பெற்றவர்களின் எண்ணிக்கையை யாரும் கட்டுப்படுத்தாததே. சோதனையின் கண்டிப்பு கீழ்த்தட்டு டிக்கெட்டுடன் நின்றுவிட்டது.

உலகின் பெரிய கால்பந்து மைதானங்களில் கடந்த பல ஆண்டுகளில் நிகழ்ந்த விபத்துகளையும் விபத்தின் விளிம்பு வரை சென்ற நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வாயில் சோதனை குறித்து ஓர் அடிப்படை முரண் புலப்படுகிறது. ஆபத்தை உள்ளே விடாமல் தடுப்பதற்காகவே சோதனை நடத்தப்படுகிறது. அதே சோதனை மந்தமாகும்போது வாயிலுக்கு வெளியே, சோதிக்கப்படாத, நகர இடமில்லாத ஒரு புதிய கூட்டத்தை அது உருவாக்குகிறது.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர்?

பிரிட்டனில் விளையாட்டு மைதானப் பாதுகாப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் நூல் 'பச்சை வழிகாட்டி' என்று அழைக்கப்படுகிறது. ஒரு சுழல்வாயில் வழியாக ஒரு மணி நேரத்தில் உள்ளே செல்வோர் எண்ணிக்கைக்கு அது விதிக்கும் உச்சவரம்பு 660 பேர். அதாவது ஒருவருக்கு ஐந்தரை நொடி. டிக்கெட்டை நீட்டி, கம்பியைத் தள்ளி, உள்ளே போய்விடும் நேரம் அது.

பையைத் திறந்து பார்த்து, உடலைத் தடவிச் சோதித்து அனுப்புவதற்கு ஒருவருக்கு 20 நொடி ஆவதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு வரிசையில் மணிக்கு 180 பேர்தான் உள்ளே செல்ல முடியும். 60,000 பேர் வரும் ஆட்டத்துக்கு 100 வரிசைகள் இருந்தால், சோதனை இல்லாதபோது ஏறக்குறைய 55 நிமிடங்களில் முடியும் வேலை, சோதனையுடன் 3 மணி 20 நிமிடங்கள் ஆகிறது. ரசிகர்கள் அனைவரும் மூன்றரை மணி நேரம் முன்பே வந்து நிற்பதில்லை. அலுவலகம் முடிந்து, ரயில் பிடித்து, கடைசி ஒன்றரை மணி நேரத்தில் வருவோரே அதிகம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் 100 வரிசைகளும் 27,000 பேரை மட்டுமே உள்ளே அனுப்பியிருக்கும். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் விசில் ஊதப்படும்போது 33,000 பேர் வெளியே நிற்பார்கள். உள்ளே எழும் ஆரவாரம் அவர்கள் காதில் விழும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைத் தள்ளத் தொடங்குவது அந்தத் தருணத்தில்தான்.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1989 ஏப்ரல் 15 அன்று நிகழ்ந்த ஹில்ஸ்பரோ துயரத்தின் தொடக்கமும் இத்தகைய ஒரு கணக்குதான். லிவர்பூல் அணியின் 10,100 ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதிக்குச் செல்ல லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் ஒதுக்கப்பட்டிருந்தவை 7 சுழல்வாயில்கள். ஒரு வாயிலுக்குச் சராசரியாக 1,443 பேர். வெளியே நெரிசல் முற்றியதும் போலீஸார் வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்துவிட்டனர். திரண்டிருந்தவர்கள் நேராக ஒரு சுரங்கவழிக்குள் சென்று, ஏற்கனவே நிரம்பியிருந்த கம்பியடைப்புகளில் சிக்கினர். இறந்தோர் எண்ணிக்கை பிற்காலத்தில் 97 என உறுதியானது. குடித்துவிட்டு, டிக்கெட் இன்றி வந்தவர்களே காரணம் என்று அப்போது போலீஸ் தரப்பு கூறியது. அது உண்மையல்ல என்று நிலைநாட்ட, இறந்தோரின் குடும்பங்கள் ஏறக்குறைய 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2016-ல் நடுவர் குழு அவை சட்டவிரோத மரணங்கள் என்றும், ரசிகர்கள் மீது குற்றமில்லை என்றும் தீர்ப்பளித்தது.

பாரிஸில் நடந்தது

பாதுகாப்புச் சோதனையே ஆபத்தாக மாறியதற்கு அண்மைக் காலத்தின் தெளிவான சான்று, 2022 மே 28 அன்று பாரிஸ் புறநகரில் உள்ள ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானத்தில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ரியல் மாட்ரிட் அணியும் லிவர்பூல் அணியும் மோதிய அந்த ஆட்டம் 9 மணிக்குத் தொடங்க வேண்டியது. தொடங்கியது 36 நிமிடங்கள் தாமதமாக.

அன்று ஒரு ரயில் தடத்தில் வேலைநிறுத்தம். அதனால் லிவர்பூல் ரசிகர்கள் பெருமளவில் வேறொரு தடத்தின் நிலையத்தில் இறங்கினர். அங்கிருந்து மைதானத்துக்குச் செல்லும் வழி, நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் குறுகலாகச் செல்கிறது. அந்தக் குறுகலிலேயே முதற்கட்டச் சோதனைச் சாவடி அமைக்கப்பட்டிருந்தது. பயங்கரவாதத் தடுப்புக்கான உடல் சோதனையும், போலி டிக்கெட்டைக் கண்டறியும் சோதனையும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் நடந்தன. இரண்டும் வெவ்வேறு வேகம் கொண்டவை. ஒருவருடைய டிக்கெட்டில் சந்தேகம் எழுந்து அவருடன் வாக்குவாதம் நடந்தால், அவருக்குப் பின்னால் நிற்கும் ஆயிரம் பேரும் நிற்க வேண்டியதுதான். நெரிசல் பெருகவே அந்தச் சாவடி கைவிடப்பட்டது. இப்போது கூட்டம் மொத்தமும் மைதானத்தின் சுழல்வாயில்களில் போய்த் தேங்கியது. அவற்றில் சில மூடப்பட்டன. குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வந்தவர்களும் இருந்த அந்தக் கூட்டத்தின் மீது போலீஸார் கண்ணீர்ப் புகையையும் மிளகுத் தெளிப்பானையும் பயன்படுத்தினர்.

அன்றிரவே பழி ரசிகர்கள் மீது விழுந்தது. 30,000 முதல் 40,000 பேர் வரை டிக்கெட் இன்றியோ போலி டிக்கெட்டுடனோ வந்ததாகப் பிரான்ஸ் உள்துறை அமைச்சர் ஜெரால்ட் தர்மானின் கூறினார். வாயில்களில் பதிவான போலி டிக்கெட்டுகள் 2,589 மட்டுமே என்பது பின்னர் வெளிவந்தது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபா நியமித்த சுயேச்சைக் குழு 2023 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, முதன்மைப் பொறுப்பு யூஃபாவையே சாரும் என்றும், பெரும் உயிரிழப்பு மயிரிழையில் தவிர்ந்தது என்றும் கூறியது. அன்று வரிசையில் நசுங்கி நின்றவர்களுள் ஹில்ஸ்பரோவை நேரில் கண்டு தப்பியவர்களும் இருந்தனர். கூட்டத்தைத் தணித்து, ஒருவரையொருவர் தள்ளாமல் பார்த்துக்கொண்டது ரசிகர்களே என்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

அதே மைதானம் சோதனையின் தேவைக்கும் சாட்சியாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015 நவம்பர் 13 இரவு பிரான்ஸ், ஜெர்மனி அணிகளின் நட்பு ஆட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அப்போதைய அதிபர் பிரான்சுவா ஒல்லாந்தும் உள்ளே இருந்தார். மூன்று தற்கொலைத் தாக்குதலாளிகள் மைதானத்துக்கு வந்தனர். ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. டிக்கெட் இல்லாத ஒருவரைத் தாம் திருப்பி அனுப்பியதாக வாயிற்காவலர் ஒருவர் பின்னர் தெரிவித்தார். மூவரும் வெளியே வெடித்துச் சிதறியபோது, அவர்களைத் தவிர உயிரிழந்தவர் ஒருவர். பல்லாயிரம் பேர் நிறைந்த மாடங்களுக்குள் அவர்கள் சென்றிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. இந்த இரவின் நினைவுதான் ஏழாண்டுகளுக்குப் பின் பாலத்தடியில் அந்தச் சாவடியை அமைக்க வைத்தது. ஓர் ஆபத்துக்கான பாடம் இன்னோர் ஆபத்துக்கான காரணமாயிற்று.

சோதனை எல்லையை எங்கே வரைவது என்பதும் எளிய கேள்வியல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் 2017 மே 22 அன்று இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறியபோது நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 22 பேர் கொல்லப்பட்டனர். குண்டைப் பெரிய முதுகுப்பையில் சுமந்து வந்தவர், டிக்கெட் சோதனைக்கு வெளியே இருந்த கூடத்திலேயே காத்திருந்தார். அது கால்பந்து அரங்கம் அல்ல. எனினும் பிரிட்டனின் மைதானங்கள் அனைத்தையும் அது பாதித்திருக்கிறது. அங்கே உயிரிழந்த மார்ட்டின் ஹெட் என்ற இளைஞரின் தாய் ஃபிஜன் மரே நடத்திய நீண்ட இயக்கத்தின் பயனாக 'மார்ட்டின் சட்டம்' எனப்படும் சட்டம் 2025 ஏப்ரலில் அரச ஒப்புதல் பெற்றது. 200 பேருக்கு மேல் கூடும் இடங்களுக்குப் பாதுகாப்புத் திட்டமும், 800 பேருக்கு மேல் கூடும் இடங்களுக்குக் கூடுதல் கடமைகளும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. நடைமுறைக்கு வர குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

தண்ணீர், நாணயம், தலைக்கவசம்

இந்திய மைதானங்களுக்கு வருவோம். இங்கே கால்பந்து ஆட்டத்துக்குச் செல்பவர் வாயிலில் எவற்றையெல்லாம் இழக்க நேரிடும் என்பது பழகிய ரசிகர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில், தீப்பெட்டி, லைட்டர், பவர் பேங்க், குடை, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு, சில இடங்களில் சட்டைப்பையில் உள்ள நாணயங்கள். இருசக்கர வாகனத்தில் வருபவரின் நிலை இன்னும் வினோதமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மைதான வாயில் அதைத் தடைசெய்கிறது. சட்டத்தைப் பின்பற்றி வந்தவர், பொருள் வைப்பறை இல்லாத இடத்தில், அருகிலுள்ள கடைக்காரரிடம் கட்டணம் கொடுத்து அதை ஒப்படைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

இந்தத் தடைகளில் பலவற்றுக்குக் காரணம் உண்டு. 2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளிடையே நடந்த ஐ-லீக் ஆட்டத்தில், மாடத்திலிருந்து எறியப்பட்ட பொருள் மோகன் பகான் வீரர் சையத் ரஹீம் நபியின் முகத்தைத் தாக்கியது. இரண்டாம் பாதிக்கு அந்த அணி களமிறங்க மறுத்தது. ஆட்டம் கைவிடப்பட்டது. வீரரின் கண்ணுக்கு அருகே பட்ட ஓர் எறிபொருள் கிளப் மீதான தடை வரை சென்று, பின்னர் 2 கோடி ரூபாய் அபராதத்துடன் முடிந்தது. எறியக்கூடிய எதையும் உள்ளே விடாதே என்ற பிடிவாதத்துக்கு இத்தகைய பழைய காயங்கள் பின்னணியில் உள்ளன.

ஆனால் ஒரு பொருளைத் தடைசெய்யும்போது அதனால் பிறக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2017 அக்டோபர் 6 அன்று தில்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் தொடங்கியபோது, இடங்களை நிரப்ப ஏராளமான பள்ளி மாணவர்கள் அழைத்து வரப்பட்டிருந்தனர். பாட்டில் கொண்டுவரத் தடை. உள்ளே குடிநீர் போதுமான அளவில் இல்லை. பிள்ளைகள் தாகத்தில் தவித்ததாகப் புகார் எழுந்து, ஏற்பாட்டுக் குழு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. கொல்கத்தாவிலோ, சென்னையிலோ, கொச்சியிலோ இரண்டு மணி நேர ஆட்டத்தைப் பார்ப்பவருக்குத் தண்ணீர் ஆடம்பரமல்ல. பாட்டிலைப் பறித்துவிட்டு உள்ளே பலமடங்கு விலையில் குவளை நீர் விற்கப்படும்போது, சோதனை எதற்காக என்ற சந்தேகம் ரசிகருக்கு இயல்பாகவே எழுகிறது. அந்தச் சந்தேகம் எழுந்துவிட்டால் அடுத்த முறை அவர் பாட்டிலை ஒளித்துக் கொண்டுவரத் தயங்கமாட்டார். சோதனை செய்பவரும் அவரைக் குற்றவாளியைப் போலவே பார்ப்பார்.

அதே உலகக் கோப்பையின்போது கொச்சியில் நடந்ததை எவரும் அதிகம் நினைவுகூர்வதில்லை. அங்குள்ள ஜவஹர்லால் நேரு மைதானத்தில் அனுமதிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கை, அவசர காலத்தில் எவ்வளவு விரைவாக மக்களை வெளியேற்ற முடியும் என்பதன் அடிப்படையில் 29,000 ஆகக் குறைக்கப்பட்டது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் கோபப்பட்டார்கள். இருந்தும், ஓர் இந்திய மைதானத்தில் நாற்காலிகளைக் காட்டிலும் வெளியேறும் வழிகளை எண்ணி டிக்கெட் விற்ற அரிய முறை அது. சால்ட் லேக் மைதானத்திலும் இதே போட்டிக்காக இருக்கைகள் மாற்றியமைக்கப்பட்டன. ஒரு காலத்தில் லட்சம் பேருக்கு மேல் திரண்ட அந்த இடத்தில், இங்கிலாந்தும் ஸ்பெயினும் மோதிய இறுதி ஆட்டத்தைப் பார்த்தோர் 66,684 பேர். அந்த ஆட்டம் அசம்பாவிதமின்றி முடிந்தது.

சோதிப்பவர் யார்?

விமான நிலையத்தில் பயணியைச் சோதிப்பவர் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வீரர். கால்பந்து மைதானத்தில் பெரும்பாலும் வெளிவட்டத்தில் போலீஸாரும் உள்வட்டத்தில் தனியார் பாதுகாவலர்களும் நிற்பார்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமமும் பயிற்சியும் அதில் கட்டாயம். ஆனால் வங்கி வாசலில் நிற்கப் பயிற்சி பெற்றவரும் 50,000 பேர் மோதும் வாயிலில் நிற்பவரும் செய்யும் வேலை ஒன்றல்ல. பெரிய ஆட்டங்களுக்கு ஒருநாள் கூலிக்கு அழைத்துவரப்படும் இளைஞருக்கு எதைத் தேட வேண்டும், எதை விட்டுவிடலாம், நெரிசல் கூடினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை யார் கற்பிக்கிறார்கள்? பறிமுதல் செய்யும் அதிகாரத்தை மட்டும் கொடுத்து, வரிசையை நிறுத்தும் அதிகாரத்தையோ திறக்கும் அதிகாரத்தையோ கொடுக்காதபோது, அவர் கையில் இருப்பது பவர் பேங்குகளின் குவியல் மட்டுமே.

பெண் ரசிகர்களின் அனுபவம் தனியே பேசப்பட வேண்டியது. பெண்ணைச் சோதிக்க நேர்ந்தால் கண்ணியத்தை முழுமையாகக் காத்து மற்றொரு பெண்ணே சோதிக்க வேண்டும் என்பது கைதானவர்களைப் பற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே உள்ள விதி. கைதுக்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லாத ஒரு பார்வையாளருக்கு அதைவிடக் குறைவான மரியாதை இருக்க முடியாது. பெண்களுக்கென ஒரேயொரு வரிசையும் ஒரேயொரு பெண் காவலரும் உள்ள வாயிலில், குடும்பத்துடன் வந்தவர்களில் தந்தையும் மகனும் உள்ளே போய்விட, தாயும் மகளும் முக்கால் மணி நேரம் கழித்தே செல்ல முடிகிறது. கைப்பையில் உள்ள மாதவிடாய்ப் பொருட்களையும் மருந்துகளையும் பொது இடத்தில் வெளியே எடுத்து வைக்கச் சொல்வது இன்னொரு சங்கடம்.

இதற்கு அமெரிக்கா கண்ட வழி, உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற பை. அந்நாட்டின் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் 2013-ல் இந்த விதியைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய ஓரடிக்கு ஓரடி அளவுள்ள ஒளி ஊடுருவும் பை ஒன்றும், உள்ளங்கை அளவுள்ள சிறு பை ஒன்றும் மட்டுமே அனுமதி. மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு. வரிசை வேகமாக நகர்கிறது என்பது இதன் பலன். ஒரு பெண் தன் பையில் வைத்திருப்பதை உலகமே பார்க்க வேண்டுமா என்ற ஆட்சேபம் அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. 2026 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா ஒதுக்கிய 11 மைதானங்களும் என்எஃப்எல் அணிகளின் மைதானங்களே. அவற்றுள் ஒன்றான மயாமி மைதானத்தில் 2024 ஜூலை 14 அன்று நடந்த கோப்பா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில், டிக்கெட் இல்லாதவர்கள் தடுப்புகளை மீறி நுழைந்ததால் வாயில்கள் மூடப்பட்டு, ஆட்டம் 82 நிமிடங்கள் தாமதமானது. பை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாயிலே உடைந்துபோனால் அதனால் பயனில்லை.

லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 2021 ஜூலை 11 அன்று நடந்த யூரோ இறுதி ஆட்டத்திலும் இதுவே நேர்ந்தது. ஏறக்குறைய 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே புகுந்ததாக லூயிஸ் கேசி தலைமையிலான ஆய்வு கண்டறிந்தது. அவர்கள் உடைத்துக்கொண்டு நுழைந்த வழிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான கதவுகளும் அவசர கால வெளியேற்றக் கதவுகளும் இருந்தன. மிகவும் பலவீனமானவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்ட கதவே மிகவும் முரட்டுத்தனமாகத் தாக்கப்பட்டது.

துணியைத் தேடும் கைகள்

சோதனை என்பது ஆயுதத்தைத் தேடும் நிலையிலிருந்து கருத்தைத் தேடும் நிலைக்கு நழுவும் தருணங்களும் உண்டு. 2022 கத்தார் உலகக் கோப்பையில் வேல்ஸ் பெண்கள் அணியின் முன்னாள் தலைவி லாரா மெக்காலிஸ்டர் அணிந்திருந்த வானவில் நிறத் தொப்பியை வாயில் காவலர்கள் கழற்றச் சொன்னார்கள். அதே போட்டியில் ஈரான் அணியின் ஆட்டத்துக்கு வந்த சிலரிடமிருந்து, தங்கள் நாட்டுப் பெண்களின் போராட்டத்தை ஆதரிக்கும் வாசகங்கள் கொண்ட சட்டைகளும் பழைய கொடிகளும் பறிக்கப்பட்டன. தொப்பி வெடிக்காது, துணி யாரையும் குத்தாது என்பது காவலருக்கும் தெரியும்.

கொல்கத்தாவுக்கும் இது அந்நியமல்ல. அங்கே மாடங்களில் விரியும் பதாகை என்பது நூறாண்டுப் பகையின், அகதி வரலாற்றின், அன்றாட அரசியலின் குரல். 2020 ஜனவரியில் நடந்த பெரும் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் குடியுரிமை ஆவணச் சர்ச்சை குறித்துப் பதாகை விரித்தனர். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்டதையொட்டி நகரம் கொந்தளித்திருந்த 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூராண்ட் கோப்பை ஆட்டம், பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. பரம வைரிகளான இரு அணிகளின் ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே தோளோடு தோள் சேர்ந்து நீதி கேட்டனர். போலீஸார் தடியடி நடத்தினர். பாதுகாப்பு என்ற ஒரே சொல், எறிபொருளைத் தடுக்கவும் முழக்கத்தைத் தடுக்கவும் பயன்படக்கூடும் என்பதால்தான், எதைத் தேடுகிறோம் என்ற பட்டியல் முன்கூட்டியே, எழுத்தில், டிக்கெட்டிலேயே அச்சிடப்பட வேண்டும் என்று ரசிகர் அமைப்புகள் பல நாடுகளில் வலியுறுத்துகின்றன.

ஜெர்மனியில் இந்த வாதம் அமைதியாக நடந்தது. அமைதி என்ற சொல்லின் நேர்ப்பொருளிலேயே. 2012 நவம்பரில் மியூனிக் நகரில் எதிரணி ரசிகர்கள் சிலர் கூடாரங்களுக்குள் அழைத்துச் செல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது. சோதனையைக் கடுமையாக்கும் பாதுகாப்புத் திட்டம் டிசம்பர் 12 அன்று வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் நாடெங்கும் மைதானங்களில் ரசிகர்கள் முதல் 12 நிமிடம் 12 நொடிகள் ஒரு சத்தமும் எழுப்பாமல் நின்றனர். திட்டம் நிறைவேறியது. எனினும் பல்லாயிரம் பேர் நிறைந்த அரங்கில் பந்து உதைபடும் ஓசை மட்டும் கேட்ட அந்த நிமிடங்களுக்குப் பிறகு, ரசிகர்களைக் கேட்காமல் சோதனை விதிகளை எழுதுவது ஜெர்மனியில் எளிதாக இல்லை.

பூட்டிய கதவுகள்

வாயில் நெரிசலின் விலை சில இடங்களில் உயிராகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. கேமரூன் தலைநகர் யாவுண்டேயின் ஒலெம்பே மைதானத்தில் 2022 ஜனவரி 24 அன்று, ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் தெற்கு வாயிலை நோக்கித் திருப்பிவிடப்பட்டனர். அந்த வாயில் மூடியிருந்தது. 8 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் ஆட்டம் முடிந்தபின் போலீஸார் வீசிய கண்ணீர்ப் புகையிலிருந்து தப்பியோடிய ரசிகர்கள் முழுமையாகத் திறக்கப்படாத குறுகிய கதவுகளில் சிக்கினர். இறந்தோர் 135 பேர். இந்தியாவில், கால்பந்து அல்லாத நிகழ்வானாலும், பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் இறந்தது இன்னும் ஆறாத காயம். இம்மூன்று இடங்களிலும் இறந்தவர்களின் பைகளில் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இருந்ததாக எவரும் கூறவில்லை.

கொல்கத்தாவுக்கு இதில் மிக நீண்ட நினைவு இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் மோதியபோது, இரு தரப்பு ரசிகர்களும் ஒரே மாடத்தில் கலந்து அமர வைக்கப்பட்டிருந்தனர். களத்தில் வீரர்களிடையே எழுந்த மோதல் மாடத்துக்குப் பரவியது. தப்பியோடிய நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். வங்கக் கால்பந்தை நிர்வகிக்கும் இந்தியக் கால்பந்து சங்கம் அவர்கள் நினைவாக ஆகஸ்ட் 16 அன்று ரத்த தான முகாம் நடத்தி வருகிறது. இரு அணிகளின் ரசிகர்களும் அங்கே வந்து ரத்தம் கொடுக்கிறார்கள்.